யோனா ஃப்ரீட்மன்: குடியிருப்பவர் கையில் நகரத்தைக் கொடுக்கச் சொன்னவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த யோனா ஃப்ரீட்மன்?

ஹங்கேரியில் பிறந்து, இஸ்ரேலில் தொழில் பழகி, பாரிஸில் அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்த கட்டடக் கலைஞர். 1923 ஜூன் 5 அன்று புடாபெஸ்டில் பிறந்தார். 2020 பிப்ரவரியில், 96 வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அவர் கட்டி நின்ற கட்டடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வரைந்த நகரங்களும் எழுதிய புத்தகங்களும் ஏராளம். படக்கதை மாதிரி குச்சி மனிதர்களை வைத்து அவர் வரைந்த கையேடுகளே ஒரு பெரிய குவியல்.

இவரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. சென்னையிலேயே ஒரு வேலை செய்திருக்கிறார், அது பலருக்குத் தெரியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எப்படிப்பட்ட இளமைக்காலம்?

யூதக் குடும்பம். அன்றைய ஹங்கேரியில் யூத மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதே கஷ்டம், சட்டம் போட்டே எண்ணிக்கையைக் குறைத்திருந்தார்கள். அந்தச் சூழலில்தான் புடாபெஸ்டில் கட்டடக்கலை படித்தார். நிச்சயமின்மைக் கோட்பாட்டுக்குப் பேர்போன இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க் அங்கே வந்து பேசியதைக் கேட்டதாகப் பிற்காலத்தில் அடிக்கடி சொல்வார். எதையும் முழுக்க முன்கூட்டியே கணித்துவிட முடியாது என்ற எண்ணம் அவரிடம் கடைசிவரை இருந்தது. நாஜிகளுக்கு எதிரான தலைமறைவு வேலைகளில் ஈடுபட்டதால் 1944-இல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் பிடிபட்டார். உயிர் தப்பியது பெரிய விஷயம்.

போர் முடிந்ததும் ருமேனியா வழியாக 1946-இல் இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா போய்ச் சேர்ந்தார். அங்குள்ள டெக்னியான் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து, பத்து வருடம் போல அந்த ஊரிலேயே வேலை பார்த்தார்.

இந்தப் பத்து வருடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகப் பாரிஸுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அது தவறு என்பேன். 1948-க்குப் பிறகு மூன்று, நான்கு வருடத்தில் இஸ்ரேலின் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பல நாடுகளிலிருந்து வந்து இறங்கியவர்கள் கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் தங்கியிருந்தார்கள். ஒவ்வொருவர் சமையலும் வேறு, குடும்ப அளவும் வேறு, திண்ணையில் உட்காரும் பழக்கம்கூட வேறு. எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த வீடு. கையில் அகதி வாழ்க்கையின் அனுபவமும் கண் முன்னால் இந்தக் காட்சியும் இருந்த ஒருவருக்கு, வீட்டை யார் தீர்மானிக்க வேண்டும் என்ற கேள்வி எழாமல் எப்படி இருக்கும்?

அவருக்கு யார் மீது கோபம்?

தன் தொழில்மீதுதான். அவர் வாதம் எளிமையானது, ஆனால் கூர்மையானது. ஒரு கட்டடக் கலைஞர் ஒரே ஒரு குடும்பத்துக்கு வீடு போடும்போது அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம். ஐந்தாயிரம் குடும்பத்துக்குப் போடும்போது பேச நேரமில்லை. உடனே ஒரு ‘சராசரி மனிதன்’ உருவாகிவிடுகிறான். சராசரி உயரம், சராசரிக் குடும்பம், சராசரியாக எத்தனை மணிக்குத் தூங்குவான், எத்தனை தடவை அடுப்படிக்குப் போவான் என்று எல்லாம் கணக்குப் போட்டு அவனுக்கு ஒரு வீடு வரைகிறார்கள். அப்படி ஒருவன் உலகத்தில் எங்குமே கிடையாது. கடைசியில் அந்த வீட்டில் குடியேறுவது நிஜமான ஐந்தாயிரம் குடும்பங்கள், அத்தனை பேருக்கும் அது கொஞ்சம் கொஞ்சம் பொருந்தாது.

இதில் அவர் விடாப்பிடியாகச் சொன்னது ஒன்று உண்டு. திட்டம் தப்பாகப் போனால் கட்டடக் கலைஞர் பாதிக்கப்படுவதில்லை. அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். முப்பது வருடம் அந்தச் சுவருக்குள் இருக்கப் போகிறவர்தான் விளைவைச் சுமக்கிறார். ஆகவே விளைவைச் சுமப்பவரே முடிவெடுக்க வேண்டும். ஃப்ரீட்மனின் முழு வாழ்க்கையும் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான். கீழே பார்க்கப்போகும் அந்தர நகரம், கணினி, படக்கதை, மூங்கில் கூரை எல்லாமே இதிலிருந்து வந்தவை.

1956-இல் துப்ரோவ்னிக்கில் என்ன நடந்தது?

நவீனக் கட்டடக்கலையின் பெரிய தலைகள் கூடும் சர்வதேச மாநாட்டின் பத்தாவது கூட்டம் அன்றைய யூகோஸ்லாவியாவின் அந்த ஊரில் நடந்தது. அதற்குள் இளைய தலைமுறை முறுக்கிக்கொண்டு நின்றது. ஃப்ரீட்மனும் அங்கே போய்த் தன் கருத்தை வைத்தார்: சமூகம் மாறிக்கொண்டே இருக்கிறது, மனிதர்கள் மனம் மாறுகிறார்கள், அப்படியிருக்க கட்டடம் மட்டும் ஏன் ஒரே இடத்தில் விறைத்து நிற்க வேண்டும்? அங்கே பெரிய ஆதரவு கிடைத்துவிடவில்லை. மறு வருடம் பாரிஸுக்கு வந்தார், 1958-இல் ‘நடமாடும் கட்டடக்கலை’ என்ற அறிக்கையை வெளியிட்டார். அதே சிந்தனை உள்ளவர்களைச் சேர்த்து ஒரு குழுவும் தொடங்கினார். கூடாரக் கூரைகளுக்குப் பேர்போன ஃப்ரை ஓட்டோ, எக்கார்ட் ஷுல்ட்ஸே-ஃபீலிட்ஸ் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். குழு 1962-இல் கலைந்துவிட்டது.

நடமாடும் கட்டடக்கலை என்றால் கட்டடம் சக்கரம் வைத்து நகருமா?

இல்லை. நகர்வது குடியிருப்பவரின் முடிவு. இன்றைக்கு இரண்டு அறை போதும், பிள்ளை பிறந்தால் மூன்று வேண்டும், அப்புறம் பிள்ளைகள் வெளியூர் போனால் ஒன்றைத் திறந்தவெளியாக விட்டுவிடலாம். இதற்கெல்லாம் இடிக்க வேண்டியதில்லாமல் சுவரையும் தரையையும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

சரி, அந்த ‘அந்தர நகரம்’ எப்படி இருக்கும்?

அவர் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது இந்தத் திட்டம்தான். 1950களின் கடைசியில் வரையத் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தார்.

நாற்பது முதல் அறுபது மீட்டர் இடைவெளியில் பெரிய தூண்கள். தூணுக்குள்ளேயே லிஃப்டும் மாடிப்படியும் இருக்கும். தூண்களின் மேல், தரையிலிருந்து நல்ல உயரத்தில், எஃகுக் கம்பிகளால் ஆன முப்பரிமாணச் சட்டகம் ஒன்று பல அடுக்குகளாகப் பரவிக் கிடக்கும். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் எல்லாம் அந்தச் சட்டகத்தோடு சேர்ந்தவை. இது மட்டும்தான் நிலையானது. சட்டகத்துக்குள் இருக்கும் வெற்றுக் கட்டங்களில் மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே பொருத்திக்கொள்ளலாம். ஒரு கட்டம் 25 முதல் 35 சதுர மீட்டர். யார் எத்தனை கட்டம் எடுப்பார்கள், எப்படி அடுக்குவார்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவரவர் பாடு.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: மொத்தக் கட்டங்களில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் உள்ளே இருப்பவர்களுக்கும் கீழே தரையில் நடப்பவர்களுக்கும் வெளிச்சமும் காற்றும் போய்விடும்.

வரைபடங்களைப் பார்த்தால் ஒழுங்கற்ற பெட்டிகள் அங்கங்கே தொங்குகிற மாதிரி இருக்கும். அந்த ஒழுங்கின்மை வேண்டுமென்றே விட்டது, ஏனென்றால் நகரத்தின் தோற்றத்தை அவர் முடிவு செய்ய விரும்பவில்லை. நகர வடிவமைப்பாளர் ஒருவர் தன் கையெழுத்தைப் போட மாட்டேன் என்று ஒதுங்கி நிற்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய கலகம் என்பதை இன்றைக்கு உணர்வது கொஞ்சம் கஷ்டம்.

சட்டகத்தின் தொழில்நுட்ப விதையைக் கொடுத்தவர் கான்ராட் வாக்ஸ்மன். அமெரிக்க விமானப்படைக்காகப் பிரமாண்டமான விமானக் கொட்டகைகளைக் கம்பிச் சட்டகத்தில் வடிவமைத்தவர் அவர். 1950களில் ஹைஃபாவில் வாக்ஸ்மனின் பயிற்சி வகுப்பில் ஃப்ரீட்மன் இதைப் பார்த்தார்.

பாரிஸை இடிக்கச் சொன்னாரா?

அது நவீனக் கட்டடக்கலையின் பெரிய தலைகளில் ஒருவரான லெ கொர்பூசியே. 1925-இல் பாரிஸின் மையத்தில் ஒரு பெரும் பகுதியை வழித்துவிட்டு 18 கோபுரங்கள் எழுப்பலாம் என்று திட்டம் போட்டவர் அவர். ஃப்ரீட்மன் எதையும் தொடவில்லை. பழைய தெருவும் பழைய வீடும் அப்படியே கீழே இருக்கட்டும், இடம் போதாதவர்கள் மேலே வரட்டும் என்றார். தூண் நிற்கிற அளவுக்கு மட்டும் நிலம் போதும். ரயில் தண்டவாளத்துக்கு மேல், ஆற்றுக்கு மேல், சதுப்பு நிலத்துக்கு மேல்கூட நகரம் வரலாம். பிரான்சையும் இங்கிலாந்தையும் இணைக்கும் பாலத்தையே ஊராக மாற்றும் ஒரு திட்டத்தையும் 1960களில் வரைந்தார்.

கணினியை வைத்து வீடு வரையும் இயந்திரம் ஒன்றைச் சொல்கிறார்களே?

ஃபிளாட்ரைட்டர். 1970 ஒசாகா உலகப் பொருட்காட்சிக்காக யோசித்தது. அங்கே அது செயல்படவில்லை, கருத்தாகவே நின்றுவிட்டது. ஆனாலும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு தட்டச்சு இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், விசைப்பலகையில் எழுத்துக்குப் பதில் 53 குறியீடுகள். அறையின் வடிவம், அடுப்படி, குளியலறை எங்கே, எந்தத் திசை பார்த்து என்று நீங்கள் தட்டத் தட்ட உங்கள் வீட்டின் படம் அச்சாகி வரும். இது முதல் படி. அடுத்து உங்கள் பழக்கத்தைக் கேட்கும்: ஒரு நாளில் எந்த அறைக்கு எத்தனை தடவை போவீர்கள்? அதை வைத்து, ‘இந்த அமைப்பில் உங்களுக்கு இவ்வளவு நடை, இந்த அறை நீங்கள் நினைப்பதைவிட ஒதுக்குப்புறமாகிவிடும்’ என்று எச்சரிக்கும். கவனியுங்கள், எச்சரிக்கும், அவ்வளவுதான். மாற்றச் சொல்லாது. நீங்கள் பிடிவாதமாக அதையே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நடக்கப் போவது உங்கள் கால்.

மூன்றாவது படியில்தான் அக்கம்பக்கம் வருகிறது. பெரிய சட்டகத்தில் எந்தக் கட்டம் வேண்டும் என்று நீங்கள் சொன்னதும், அது ஏற்கெனவே இருப்பவர் வெளிச்சத்தை மறைக்கிறதா, வழியை அடைக்கிறதா என்று பார்க்கும். மறைத்தால் இடம் கிடையாது. மறைக்காவிட்டால் இடம் உங்களுக்கு, புதிதாக ஒருவர் வருகிற செய்தி மற்றவர்களுக்குப் போய்விடும்.

ஓட்டலில் சர்வர் பட்டியலைக் காட்டி, விலையையும் சொல்லிவிட்டுக் காத்திருப்பாரே, கட்டடக் கலைஞரின் வேலை அவ்வளவுதான் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி ஆய்வாளர் நிக்கோலஸ் நெக்ரொபோண்டேயின் குழு 1970களில் இவர் யோசனையை வைத்து ஒரு நிரலையே எழுதிப் பார்த்தது. அதற்கு வைத்த பெயரும் ‘யோனா’தான்.

கணினி இல்லாதவர் என்ன செய்வது?

இதற்கும் வழி வைத்திருந்தார், எனக்கு இயந்திரத்தைவிட இதுதான் பிடிக்கும். ஒரு தாள், ஒரு பென்சில் போதும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு புள்ளி. ஒன்றிலிருந்து நேரடியாக இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு கோடு. இவ்வளவுதான். கணிதத்தில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடம் போகாதவரும் போடலாம்.

நீங்களே போட்டுப் பாருங்கள். கூடம், அடுப்படி, படுக்கையறை என மூன்று புள்ளி. எல்லா அறையும் எப்படியாவது இணைந்திருக்க வேண்டும் என்றால் மொத்தம் நான்கே வழி: கூடம் நடுவில், அல்லது அடுப்படி நடுவில், அல்லது படுக்கையறை நடுவில், அல்லது மூன்றும் ஒன்றோடொன்று. அடுப்படியை நடுவில் வைத்தால் படுக்கப் போகிற ஒவ்வொருவரும் அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது கோட்டைப் பார்த்ததுமே தெரிகிறது. சுவரோ சதுர அடியோ எதுவும் இன்னும் பேச்சுக்கே வரவில்லை, ஆனால் வாழ்க்கை எப்படி ஓடும் என்பது முடிவாகிவிட்டது. நான்காவது அறை ஒன்று சேர்ந்தால் வழிகள் 38 ஆகிவிடும். முழுப் பட்டியலையும் போட்டுக் காட்டி, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டால் தேர்ந்தெடுக்கிற அறிவு எல்லாருக்கும் இருக்கிறது என்று அவர் நம்பினார். 1971-இல் பிரெஞ்சிலும் 1975-இல் எம்ஐடி பதிப்பகத்தில் ஆங்கிலத்திலும் வந்த அவருடைய ‘விஞ்ஞானபூர்வமான கட்டடக்கலை’ புத்தகத்தின் சாரம் இது.

இது நிஜத்தில் எங்காவது நடந்ததா?

நடந்தது. பிரான்சில் ஆன்ஷே நகரத்தில் ஆன்ரி பெர்க்சன் உயர்நிலைப் பள்ளி. 1970களின் கடைசியில் திட்டமிட்டு அடுத்த சில வருடத்தில் கட்டி முடித்தார்கள். ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள் தங்களுக்குள் பேசி அமைப்பை முடிவு செய்தார்கள். ஃப்ரீட்மன் கொடுத்தது முறையையும் படக்கதைக் கையேட்டையும். கட்டடத்தைப் பார்த்து யாரும் மலைத்துப் போக மாட்டார்கள். ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். அவர் வாதத்தின்படி பார்த்தால் அது குறையே இல்லை.

சென்னைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

1970களில் அவர் கவனம் வறுமை பக்கம் திரும்பியது. எஃகுச் சட்டகம் எல்லாம் பணக்கார நாட்டுக்குச் சரி, உலகத்தில் பாதிப் பேர் கூரை, குடிதண்ணீர், சாப்பாடு மூன்றுக்கும் தாங்களே வழி தேடிக்கொள்கிறார்களே என்று யோசித்தார். 1978-இல் ‘பிழைத்திருப்பதற்கான கட்டடக்கலை’ என்ற புத்தகம் வந்தது. குடிசைப் பகுதிகளை அவமானமாகப் பார்க்காமல், குறைந்த பொருளில் சேர்ந்து வாழ்வதற்கான சோதனைக்கூடங்களாக அதில் பார்க்கிறார். அங்கே இருப்பவர்கள் கட்டடக் கலைஞர் இல்லாமலே கட்டுகிறார்கள், பிறகு திருத்துகிறார்கள், குடும்பம் பெருகும்போது கூட்டுகிறார்கள். அவர் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தானே!

1980களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் துணையோடு, தற்சார்புக்கான அறிவைப் பரப்பும் ஒரு மையத்தை நடத்தினார். மழைநீரை எப்படிச் சேர்ப்பது, கூரையை எப்படிப் போடுவது, தண்ணீரை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்றெல்லாம் ஒரு பக்கத்துக்குச் சில கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம், கீழே ஒரே ஒரு சின்ன வாக்கியம். ஆளைக் காட்ட ஒரு வட்டம், நாலைந்து கோடு. யார் வேண்டுமானாலும் பார்த்து மறுபடி சுவரில் வரைந்துவிடலாம். இந்தியா உட்படப் பல வளரும் நாடுகளை மனதில் வைத்து இவற்றைச் செய்தார்.

அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1980களில் அன்றைய மெட்ராஸில் ‘எளிய தொழில்நுட்ப அருங்காட்சியகம்’ உருவானது. ஏடா ஷவுர் என்ற கட்டடக் கலைஞரும் இதில் பங்கெடுத்தார். மூங்கில் முதலான உள்ளூர்ப் பொருட்கள், உள்ளூர் ஆட்களின் கைவேலை, தானே கட்டிக்கொள்ளும் முறை. காட்சிக்கு வைத்த பொருளுக்கு நிகராகக் கட்டடமே காட்சி: வந்து பார்ப்பவர் இதை நாமும் ஊரில் செய்யலாமே என்று நினைத்துப் போக வேண்டும். பாரிஸில் எஃகுச் சட்டகம் வரைந்த அதே ஆள், இங்கே மூங்கிலை வளைத்தபோதும் கேள்வியை மாற்றவில்லை. அவருடைய முக்கியமான வேலைகளின் வரிசையில் உலகம் முழுக்க இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். நம் ஊர்க் கட்டடக்கலை மாணவர்கள் லெ கொர்பூசியே திட்டமிட்ட சண்டிகரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். இதையும் ஒரு வகுப்பிலாவது எடுத்துச் சொல்லலாம்.

‘சாத்தியமான கனவுலகம்’ என்று எழுதினாரே, கனவு எப்படிச் சாத்தியமாகும்?

1970களின் நடுவில் வந்த புத்தகம் அது. மூன்று நிபந்தனை சொல்கிறார். ஒரு கூட்டத்துக்கே பொதுவான மனக்குறை இருக்க வேண்டும். அதற்குத் தெரிந்த மருந்து ஒன்று இருக்க வேண்டும். அந்த மருந்தை எல்லாரும் ஏற்க வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலான கனவுகள் கவிழ்கின்றன, ஏனென்றால் யாரோ ஒரு நல்லவர் மேலே உட்கார்ந்து மற்றவர்களுக்காக முடிவெடுக்கிறார். அந்த அப்பாத்தனம் அவருக்குக் கட்டோடு பிடிக்காது.

கூட்டத்தின் அளவைப் பற்றியும் அதில் பேசுகிறார். ஒரு மனிதரால் ஒரே சமயத்தில் சிலரோடுதான் நெருக்கமாகத் தொடர்பில் இருக்க முடியும், ஒரு செய்தி கைமாறிக் கைமாறிப் போனால் சிதைந்துவிடும். ஆகவே எல்லாரும் சமமாக முடிவெடுக்கிற குழு ஓர் எல்லைக்கு மேல் பெரிதாக முடியாது, அதைத் தாண்டினால் தானாகவே தலைவர்கள் முளைப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எல்லாம் சரி, இவர் சொன்னதில் ஓட்டையே இல்லையா?

இருக்கிறது, பெரிய ஓட்டை. சட்டகத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருங்கள் என்கிறார், சரி. அந்தச் சட்டகத்தை யார் எழுப்புவது? யார் பணம்? பழுதானால் யார் பார்ப்பது? தூணை எந்தத் தெருவில் ஊன்றுவது, எந்தத் தெருவின் வெயிலை மறைப்பது என்று முடிவெடுக்கிறவர் கையில்தான் உண்மையான அதிகாரம் இருக்கும். உள்கட்டமைப்பு நடுநிலையானது என்று அவர் எடுத்துக்கொண்டார். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவரை வரும் என்பதே அரசியல் என்று அறிந்த நமக்கு அதை அப்படியே ஏற்க முடியாது. நிலத்தின் விலை, சொத்துரிமை, வாடகை பற்றியும் அவர் வரைபடங்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பல சமகாலத்தவர்கள் பிரமாண்டத்தின் அழகில் மயங்கி நின்றுவிட்டார்கள். இவர் எஃகிலிருந்து மூங்கிலுக்கும், மூங்கிலிலிருந்து வெறும் தாள் பென்சிலுக்கும் இறங்கி வந்தார். சட்டகம் யாருடையது என்ற கேள்விக்கு நேர்ப் பதில் சொல்லாவிட்டாலும், சட்டகமே தேவைப்படாத வழிகளைத் தேடிப் போனார்.

அதே காலத்தில் வேறு யாரும் இப்படி யோசிக்கவில்லையா?

நிறையப் பேர். நெதர்லாந்தில் கான்ஸ்டன்ட் என்ற ஓவியர் ‘புதிய பாபிலோன்’ என்ற நகரத்தை வரைந்துகொண்டிருந்தார், அங்கே இயந்திரங்கள் உழைக்க மனிதர்கள் விளையாடித் திரிவார்கள். ஜப்பானில் 1960-இல் மெட்டபாலிஸ்ட் என்ற கட்டடக் கலைஞர் குழு கிளம்பியது. லண்டனில் ஆர்கிகிராம் குழு 1964-இல் சொருகிக் கழற்றும் நகரத்தை வரைந்தது. படம் என்று பார்த்தால் அவர்களுடையது பல மடங்கு கவர்ச்சி. குடியிருப்பவர் என்ன முடிவெடுப்பார், எப்படி எடுப்பார் என்பதற்கு முறைப்படி ஒரு வழிகாட்டியை எழுத முனைந்தவர் என்று கேட்டால் நான் ஃப்ரீட்மனைத்தான் சொல்வேன்.

கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

பாரிஸில் கரிபால்டி பூலவார் என்ற சாலையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். சுவர், கூரை, அலமாரி என்று இடம் விடாமல் மாதிரிகளும் படங்களும். அட்டைப்பெட்டி, கம்பி, பொட்டலம் கட்டி வந்த நுரைத்துண்டு, இப்படித் தூக்கிப்போடும் சாமான்களில்தான் அவருடைய மாதிரிகள் உருவாகும். விலை உயர்ந்த பொருள் கையில் இல்லாதவரும் நகரத்தைப் பற்றி யோசிக்கலாம் என்பதை அந்த மாதிரிகளைப் பார்த்தாலே புரியும். ஒற்றைக் கொம்புக் குதிரைகளை வரைவதில் தனிப் பிரியம் உண்டு.

2016-இல் லண்டன் செர்பன்டைன் கலைக்கூடத்துக்காகக் கம்பிச் சட்டகப் பெட்டிகளை அடுக்கி ஒரு கோடைக்கால மண்டபம் செய்தார். பெட்டிகளைப் பிரித்து வேறு விதமாகவும் அடுக்கலாம். அப்போது வயது 93.

இன்று அவர் வேலைகளை எங்கே பார்க்கலாம்?

அந்தர நகர வரைபடங்கள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் பிரான்சின் சில சேகரிப்புகளிலும் இருக்கின்றன. அவருடைய ஆவணங்கள் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்தில். படிக்கத் தொடங்குவதென்றால் குச்சி மனிதர்கள் உள்ள கையேடுகளில் தொடங்குங்கள், கோட்பாட்டுப் புத்தகங்கள் அப்புறம். கையேட்டுக்கு மொழி பெரிய தடையே இல்லை, பிரெஞ்சு தெரியாமலே முக்கால்வாசி புரிந்துவிடும்.